16 குதிரைகள் இழுத்தும் பிரியாத கிண்ணங்கள்: காற்றின் பலத்தைக் காட்டிய மேயர் ஓட்டோ வான் கெரிக்கே

ஸ்ட்ரா போட்டு ஜூஸ் குடிக்கும்போது, நாம்தான் ஜூஸை மேலே இழுக்கிறோம் என்று நினைப்போம். உண்மையில் நாம் செய்வது ஒன்றே ஒன்றுதான்: ஸ்ட்ராவுக்குள் இருக்கும் காற்றைக் கொஞ்சம் குறைக்கிறோம். மீதி வேலையைச் செய்வது வெளிக்காற்று. டம்ளரில் உள்ள ஜூஸின் மேற்பரப்பை அது எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. ஸ்ட்ராவுக்குள் எதிர்ப்பு குறைந்ததும் ஜூஸை மேலே தள்ளிவிடுகிறது.

சந்தேகமா? வீட்டில் இருக்கும் குட்டீஸைக் கூப்பிட்டு ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இரண்டு ஸ்ட்ராக்களை எடுத்து, ஒன்றின் முனையை ஜூஸுக்குள்ளும் இன்னொன்றின் முனையை டம்ளருக்கு வெளியிலும் வைத்து, இரண்டையும் சேர்த்து உறிஞ்சச் சொல்லுங்கள். எவ்வளவு தம் கட்டினாலும் ஜூஸ் சரியாக ஏறாது. வெளியே இருக்கும் ஸ்ட்ரா வழியாகக் காற்று வாய்க்குள் வந்துகொண்டே இருப்பதால், உள்ளே அழுத்தம் குறைவதில்லை.

இழுப்பது போலத் தெரிவதெல்லாம் காற்று தள்ளுவதுதான். இதை ஊரே பார்க்கும்படி செய்து காட்டியவர்களில் முக்கியமானவர், ஜெர்மனியின் மாக்டபர்க் நகர மேயர் ஓட்டோ வான் கெரிக்கே (1602–1686). அறிவியல் அவருக்கு முழுநேர வேலை அல்ல. போரில் சாம்பலான தன் ஊரை மீண்டும் கட்டுவதும், அதன் சுதந்திரத்துக்காக அரசவைகளில் வாதாடுவதும்தான் வேலை. அந்த வேலையில் கடைசியில் அவருக்குத் தோல்விதான் கிடைத்தது. கிடைத்த நேரத்தில் செய்த சோதனைகளோ அவர் பெயரை இன்றுவரை நிலைக்க வைத்திருக்கின்றன.

யார் இந்த கெரிக்கே?

எல்பே நதிக்கரையில் உள்ள மாக்டபர்க்கில் 1602 நவம்பரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். நகர நிர்வாகத்தில் பல தலைமுறைகளாக இருந்த குடும்பம் என்பதால், சட்டம் படிப்பதுதான் வழக்கம். லைப்சிக், ஹெல்ம்ஸ்டெட், யேனா ஆகிய ஊர்களின் பல்கலைக்கழகங்களில் சட்டம் படித்தார். பிறகு நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போனார். அங்கே சட்டத்தோடு கணிதம், கோட்டை கட்டும் பொறியியல் ஆகியவற்றையும் கற்றுக்கொண்டார். பின்னாளில் கை கொடுத்தது இந்தப் பொறியியல்தான்.

ஊர் திரும்பி, 1626-ல் திருமணம் செய்துகொண்டார். அதே ஆண்டு நகர சபையிலும் இடம் கிடைத்தது. நிம்மதியான வாழ்க்கையாகப் போயிருக்க வேண்டியது. ஆனால் ஐரோப்பாவில் அப்போது 30 ஆண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் மோதலாக 1618-ல் தொடங்கிய அந்தப் போர், பின்னர் பெரிய அரசுகளின் அதிகாரப் போட்டியாக மாறியது. மாக்டபர்க் புராட்டஸ்டன்ட் நகரம். 1631 மே 20 அன்று, தளபதி டில்லியின் தலைமையிலான பேரரசுப் படை நீண்ட முற்றுகைக்குப் பிறகு நகருக்குள் புகுந்தது. கொலை, கொள்ளை, தீ. சுமார் 20,000 பேர் இறந்தார்கள். நகரத்தில் தேவாலயமும் சில வீடுகளும்தான் மிஞ்சின.

கெரிக்கே வீட்டையும் சொத்தையும் இழந்தார். குடும்பத்தோடு பிடிபட்டு, பிணைத்தொகை கட்டிய பிறகே விடுதலையானார். கொஞ்ச காலம் ஸ்வீடன் படையிடம் பொறியாளராக வேலை பார்த்தார். பிறகு, வேறு ஊரில் செட்டில் ஆகாமல், இடிபாடாகக் கிடந்த சொந்த ஊருக்கே திரும்பினார். நகரை அளந்து வரைபடம் போட்டார். மறுகட்டுமானத்தில் இறங்கினார். 1646-ல் நகரின் மேயர்களில் ஒருவரானார். அடுத்த 30 ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

மேயருக்கு ஏன் காற்றில் ஆர்வம்?

உண்மையில் அவருடைய கேள்வி காற்றைப் பற்றியது இல்லை, வானத்தைப் பற்றியது. பூமியும் மற்ற கோள்களும் சூரியனைச் சுற்றுகின்றன என்ற கோபர்நிகஸின் கருத்தை அவர் ஏற்றுக்கொண்டார். அப்படியானால் கோள்களுக்கு இடையே என்ன இருக்கிறது? காற்று நிரம்பியிருந்தால் கோள்களின் வேகம் அதில் பட்டுத் தடைபட வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால், ஒன்றுமே இல்லாத இடம் என்று ஒன்று இருக்க முடியுமா?

முடியாது என்பதுதான் அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து சொல்லப்பட்ட பதில். இயற்கை வெற்றிடத்தை அனுமதிக்காது, எங்கே காலியாக விட்டாலும் ஏதாவது ஓடிவந்து நிரப்பிவிடும் என்று பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தினார்கள். அறிஞர்கள் இதைப் பக்கம் பக்கமாக விவாதித்துக்கொண்டிருந்த நேரத்தில், கோட்டையும் பாலமும் கட்டிப் பழகிய கெரிக்கே வேறு வழியில் யோசித்தார். விவாதம் எதற்கு? ஒரு பாத்திரத்தைக் காலி செய்து பார்த்துவிடலாமே.

பீர் பீப்பாயும் நசுங்கிய செம்புக் கோளமும்

1650 வாக்கில் முதல் முயற்சி. ஒரு மரப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, இடைவெளிகளை நன்றாக அடைத்து, அடியில் பித்தளைப் பம்பைப் பொருத்தினார். தீயணைக்கப் பயன்படும் பீச்சாங்குழல் மாதிரியான பம்ப். தண்ணீரை வெளியே எடுத்தால் அந்த இடம் காலியாகத்தானே இருக்க வேண்டும்? பலசாலிகள் கஷ்டப்பட்டு பம்ப் செய்தார்கள். பீப்பாய்க்குள்ளிருந்து தண்ணீர் கொதிப்பது போன்ற சத்தம் வந்தது. மரத்தின் நுண்ணிய துளைகள் வழியே காற்று உள்ளே புகுந்துகொண்டிருந்தது.

அடுத்து, சிறிய பீப்பாயைப் பெரிய பீப்பாய்க்குள் வைத்து, சுற்றிலும் தண்ணீர் ஊற்றினார். இந்த முறை பறவை கீச்சிடுவது மாதிரி சத்தம். மூன்று நாள் நீடித்தது. திறந்து பார்த்தால் உள்ளே தண்ணீரும் காற்றும் கசிந்திருந்தன. மரம் சரிப்படாது என்று புரிந்தது.

மூன்றாவதாக, செம்புக் கோளம். இந்த முறை தண்ணீர் ஊற்றாமல் காற்றையே நேரடியாக வெளியேற்ற முயன்றார். இரண்டு பேர் பம்ப் செய்தார்கள். போகப் போகக் கைப்பிடி கனத்தது. கிட்டத்தட்ட முடிந்தது என்று நினைத்த நேரத்தில், பயங்கரச் சத்தத்தோடு அந்தக் கோளம் கசக்கிய துணி மாதிரி சுருங்கிப் போனது. பக்கத்தில் இருந்தவர்கள் மிரண்டுவிட்டார்கள்.

கெரிக்கே காரணத்தைத் தேடினார். கோளம் முழு உருண்டையாக இல்லாததால் காற்றின் அழுத்தம் சமமாகப் பரவவில்லை, பலவீனமான இடத்தில் உள்ளே குத்திவிட்டது என்ற முடிவுக்கு வந்தார். துல்லியமான உருண்டையாக இன்னொன்று செய்யச் சொன்னார். அது தாங்கியது. குழாயைத் திறந்ததும் காற்று ஆவேசமாக உள்ளே பாய்ந்தது. அதுவரை உள்ளே காலியாகத்தான் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

*வீட்டில் செய்து பார்க்க:* காலி பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலில் கால் பங்கு சூடான தண்ணீர் ஊற்றிக் குலுக்குங்கள் (கொதிநீர் வேண்டாம், ஊற்றுவது பெரியவர்களாக இருக்கட்டும்). தண்ணீரைக் கொட்டிவிட்டு உடனே மூடியை இறுக்கி, குளிர்ந்த தண்ணீரில் காட்டுங்கள். யாரும் தொடாமலே பாட்டில் நசுங்கும். சூட்டில் விரிந்த காற்றில் ஒரு பகுதி ஏற்கெனவே வெளியே போய்விட்டது. மிச்சம் இருப்பது குளிர்ந்து சுருங்குகிறது, நீராவியும் தண்ணீராகிவிடுகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று பாட்டிலை நசுக்குகிறது. கெரிக்கேயின் செம்புக் கோளத்துக்கு நடந்ததும் இதுதான்.

காற்று எவ்வளவு அழுத்துகிறது?

கடல் மட்டத்தில், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலும் சுமார் 1 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம். விரித்த உள்ளங்கை 100 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால்கூட, அதன் மேல் 100 கிலோ. ஆனாலும் கை நசுங்குவதில்லை. காற்று மேலிருந்து மட்டும் அழுத்தவில்லை. கீழிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் அதே அளவு அழுத்துகிறது. உடலுக்குள் இருக்கும் திரவங்களும் காற்றும் அதே அழுத்தத்தில் இருக்கின்றன. எல்லாம் சமன் ஆகிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை.

*வீட்டில் செய்து பார்க்க:* டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, வழவழப்பான அட்டை ஒன்றால் மூடுங்கள். அட்டையைப் பிடித்தபடி தலைகீழாகக் கவிழ்த்து, மெதுவாகக் கையை எடுங்கள். அட்டை விழாது. 7 சென்டிமீட்டர் அகலமுள்ள வாய் என்றால், காற்று அதை ஏறக்குறைய 38 கிலோ அளவுக்கு மேல்நோக்கித் தள்ள முடியும். உள்ளே இருக்கும் தண்ணீரோ கால் லிட்டர்தான். வாஷ்பேசினுக்கு மேலே செய்வது நல்லது. முதல் தடவை கண்டிப்பாகக் கொஞ்சம் கொட்டும்.

அரசவையில் ஒரு டெமோ

தன் ஊருக்காகப் பேச கெரிக்கே பல ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்தார். 1653–54-ல் ரெகன்ஸ்பர்க் நகரில் பேரரசின் பெரிய சபை கூடியபோது, மாக்டபர்க்கின் தூதராகப் போனார். கோரிக்கை மனுக்களோடு தன் பம்பும் கருவிகளும் அவர் கையில் இருந்தன. வேலை நேரம் போக, ஆட்சியாளர்களுக்கு முன் சோதனைகளைச் செய்து காட்டினார். காற்றை எடுத்த பாத்திரத்துக்குள் மெழுகுவர்த்தி அணைந்துபோவது, மணி அடித்தாலும் சத்தம் கேட்காமல் போவது எல்லாம் அவர் சோதித்துப் பார்த்த விஷயங்கள்.

இங்கே அவருக்கு ஒரு புதுத் தகவல் கிடைத்தது. இத்தாலியில் டாரிசெல்லி, பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்து, அதன் உச்சியில் ஏற்கெனவே வெற்றிடத்தை உண்டாக்கியிருந்தார். சுமார் 10 ஆண்டுகளுக்கு முன் நடந்த அந்தச் சோதனையைப் பற்றி கெரிக்கேக்கு அப்போதுதான் தெரியவந்தது. வெற்றிடத்தை உண்டாக்கிய முதல் ஆள் அவர் இல்லை. ஆனால் வேண்டிய அளவில், வேண்டிய பாத்திரத்தில் வெற்றிடம் உண்டாக்கும் பம்ப் அவரிடம்தான் இருந்தது.

மைன்ஸ் பேராயர் அந்தக் கருவிகளை விலைக்கு வாங்கி, வூர்ட்ஸ்பர்க் கல்லூரிக்கு அனுப்பினார். அங்கே பேராசிரியராக இருந்த காஸ்பர் ஷாட், 1657-ல் தன் புத்தகத்தில் இந்தச் சோதனைகளை விவரித்தார். கெரிக்கேயின் பெயர் ஐரோப்பா முழுவதும் பரவியது அந்தப் புத்தகத்தால்தான்.

குதிரைகள் ஏன் தோற்றன?

1657-ல் மாக்டபர்க்கில் நடந்ததுதான் எல்லோரும் கேள்விப்பட்ட சோதனை. சுமார் அரை மீட்டர் விட்டமுள்ள இரண்டு செம்பு அரைக்கோளங்கள். நடுவே மெழுகிலும் டர்பன்டைனிலும் ஊறவைத்த தோல் வளையம். போல்ட், பூட்டு எதுவும் கிடையாது. இரண்டையும் சேர்த்து வைத்து உள்ளே இருந்த காற்றை எடுத்தார். ஒரு பக்கம் 8, மறுபக்கம் 8 என்று 16 குதிரைகளைப் பூட்டி இழுக்கச் செய்தார். எளிதில் பிரியவில்லை. குழாயைத் திறந்து காற்றை உள்ளே விட்டதும், வெறும் கையாலேயே பிரித்துவிட முடிந்தது.

1654-ல் பேரரசர் முன்பு குதிரைகளை வைத்து நடத்தினார் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது ரெகன்ஸ்பர்க் நிகழ்ச்சியையும் இதையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டதால் வந்த கதை.

கணக்கு எளிது. அரை மீட்டர் விட்டம் என்றால் வட்டப் பரப்பு கிட்டத்தட்ட 1,960 சதுர சென்டிமீட்டர். உள்ளே முழு வெற்றிடம் இருந்தால், இரண்டு பாதிகளையும் காற்று சுமார் 2 டன் அளவுக்கு அழுத்திப் பிடிக்கும். இன்னொரு சுவாரஸ்யம்: 16 குதிரைகள் தேவையே இல்லை. ஒரு பக்கத்தைச் சுவரில் கட்டிவிட்டு மறுபக்கம் 8 குதிரைகளைப் பூட்டினாலும் அதே விசைதான். மறுபக்கத்துக் குதிரைகள் செய்தது சுவரின் வேலை. ஆனால் வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் குதிரைகள் நின்றால்தானே கெத்து!

*வீட்டில் செய்து பார்க்க:* டைல்ஸில் ஒட்டும் ரப்பர் ஹூக் இரண்டை எடுத்து, விளிம்பை லேசாக நனைத்து, முகத்துக்கு முகம் வைத்து நன்றாக அழுத்துங்கள். இப்போது ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கலாம். பிறகு நகத்தால் விளிம்பை லேசாகத் தூக்குங்கள். காற்று உள்ளே போனதும் தானாகப் பிரிந்துவிடும். ஹூக்கில் பசையும் இல்லை, காந்தமும் இல்லை.

புயலைச் சொன்ன மர பொம்மை

கெரிக்கே தன் வீட்டில் நீண்ட குழாயை நிறுத்தித் தண்ணீர் நிரப்பினார். காற்றழுத்தத்தால் தண்ணீர் சுமார் 10 மீட்டர் உயரம் வரைதான் நின்றது. மூன்று மாடி உயரம். அதன் உச்சியில் கண்ணாடிப் பகுதி, அதற்குள் மிதக்கும் சின்ன மர மனிதன். அழுத்தம் கூடினால் பொம்மை ஏறும், குறைந்தால் இறங்கும். அளவுகோலை விரலால் காட்டும். 1660 டிசம்பரில் பொம்மை வழக்கத்தைவிட மிகக் கீழே இறங்கியதைப் பார்த்து, எங்கோ பெரும் புயல் என்று கெரிக்கே சொன்னார். புயலும் வந்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் செய்திகளில் கேட்கும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்ற வார்த்தைக்குப் பின்னால் இருப்பதும் இதே அறிவியல்தான்.

*வீட்டில் செய்து பார்க்க:* கண்ணாடி ஜாடியின் வாயில், வெட்டிய பலூனை இறுக்கமாகப் போர்த்தி ரப்பர் பேண்ட் போடுங்கள். அதன் நடுவில் ஒரு ஸ்ட்ராவின் முனையைப் படுக்கைவாக்கில் ஒட்டி, மறுமுனைக்குப் பின்னால் கோடு போட்ட தாளை நிறுத்துங்கள். வெளியே அழுத்தம் கூடினால் பலூன் உள்ளே அமுங்கி ஸ்ட்ராவின் வெளிமுனை உயரும், குறைந்தால் தாழும். வெயில் படாத, வெப்பநிலை அதிகம் மாறாத இடத்தில் வைத்துத் தினமும் குறித்து வரச் சொல்லுங்கள்.

அவருடைய தோல்வி என்ன?

பேரரசருக்கு மட்டும் கட்டுப்பட்ட சுதந்திர நகரமாக மாக்டபர்க் இருக்க வேண்டும். 1640-களிலிருந்து கெரிக்கே ஓடியதெல்லாம் இதற்காகத்தான். 30 ஆண்டுப் போரை முடித்த 1648 உடன்படிக்கை, மாக்டபர்க் பகுதி பின்னாளில் பிராண்டன்பர்க் அரசுக்குப் போகும் என்று முடிவு செய்தது. அதன் பிறகும் அவர் விடவில்லை. ஆனால் 1666-ல் பிராண்டன்பர்க் ஆட்சியாளர் பிரெடரிக் வில்லியம் படையோடு வந்து நிற்க, நகரம் பணிந்தது. வெளிப்படையை ஊருக்குள் அனுமதிக்க வேண்டியதாயிற்று. இதே பிரெடரிக் வில்லியம் முன்னால்தான் சில ஆண்டுகளுக்கு முன்பு பெர்லினில் குதிரைச் சோதனை நடத்திக் காட்டப்பட்டிருந்தது.

அதே 1666-ல் பேரரசர் லியோபோல்ட் அவருக்குப் பிரபுப் பட்டம் கொடுத்தார். அதுவரை கெரிக்கே என்று மட்டும் இருந்த பெயர், வான் கெரிக்கே ஆனது. ஊரின் கோரிக்கை நிறைவேறவில்லை, தூதருக்கு மட்டும் கௌரவம் கிடைத்தது.

சோதனைகளையெல்லாம் தொகுத்து எழுதிய புத்தகம் 1672-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளியானது. கந்தக உருண்டையைக் கையால் தேய்த்துச் சுழற்றி, அது இறகு போன்ற லேசான பொருள்களை ஈர்ப்பதையும் விலக்குவதையும் அதில் பதிவு செய்திருக்கிறார். மின்சார வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. 1681-ல் கொள்ளைநோய் பரவியபோது, ஹாம்பர்க்கில் இருந்த மகன் வீட்டுக்குப் போனார். 1686 மே மாதம் அங்கேயே இறந்தார். வயது 83.

குக்கர் வரைக்கும் வந்த பம்ப்

ஷாட்டின் புத்தகத்தைக் கேள்விப்பட்ட இங்கிலாந்தின் ராபர்ட் பாயில், உதவியாளர் ராபர்ட் ஹூக்கோடு சேர்ந்து இன்னும் நல்ல பம்ப் ஒன்றை உருவாக்கினார். அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக 1662-ல் வந்ததுதான் பள்ளியில் படிக்கும் பாயில் விதி. பின்னாளில் பாயிலிடம் வேலை பார்த்த டெனி பாப்பான், 1679-ல் நீராவியை அடைத்துச் சமைக்கும் பாத்திரத்தைக் காட்டினார். இன்று சமையலறையில் விசில் அடிக்கும் குக்கரின் முன்னோடி அது.

இன்னொரு சோதனையில், கெரிக்கே ஒரு பெரிய உருளைக்குள் பிஸ்டனைப் பொருத்தி, கயிறு கட்டிப் பலரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். உருளையைக் காற்று நீக்கிய கோளத்தோடு இணைத்ததும், வெளிக்காற்று பிஸ்டனை உள்ளே தள்ளியது. கயிற்றைப் பிடித்திருந்தவர்களால் தடுக்க முடியவில்லை. ஆட்களைவிடக் காற்று அதிக வேலை செய்யும் என்றால், அதை வைத்து இயந்திரம் ஓட்டலாமே? 1712-ல் இங்கிலாந்தில் தாமஸ் நியூகோமன் செய்த நீராவி இயந்திரம் அப்படித்தான் ஓடியது. நீராவியைக் குளிரவைத்து வெற்றிடம் உண்டாக்க, பிஸ்டனைக் கீழே தள்ளியது காற்றழுத்தம். சுரங்கங்களிலிருந்து தண்ணீர் இறைத்த அந்த இயந்திரத்தைத்தான் ஜேம்ஸ் வாட் பிறகு மேம்படுத்தினார்.

கெரிக்கேயின் பம்பும் செம்பு அரைக்கோளங்களும் இன்றும் மியூனிக் நகரின் டாய்ச்சஸ் மியூசியத்தில் இருக்கின்றன. மாக்டபர்க்கின் பல்கலைக்கழகம் அவர் பெயரில் இயங்குகிறது. இந்தச் சோதனைகளைக் குழந்தைகளோடு செய்யும்போது பதிலை முதலிலேயே சொல்லிவிட வேண்டாம். பாட்டிலை நசுக்கியது யார், அட்டையைத் தாங்கியது யார் என்று கேட்டுவிட்டு, அவர்களே யோசிக்கக் கொஞ்ச நேரம் விடுங்கள். கெரிக்கேக்கே மூன்று பாத்திரங்கள் வீணான பிறகுதான் பிடிபட்டது.